வெள்ளையில் செதுக்கிய கிளிகள்

மகனே,

முதலில் நான் பார்த்தது ஒரு சிட்டிகை மாவு. நடு அறையில், தொட்டில் வளைவுக்கு நேர் கீழே, சிமென்ட் தரையில், இரண்டு விரலால் கிள்ளி வைத்ததுபோல வெளிர்மஞ்சளாகக் குவிந்திருந்தது. நீ பிறந்து பத்தொன்பதாம் நாள் காலை. உன்னைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிப் பாயில் கிடத்திவிட்டு, விளக்குமாறோடு வந்தவள் அதைப் பார்த்து நின்றேன். நம் வீட்டில் தூளுக்குப் பஞ்சமில்லை. முன்பக்கம் மரப்பட்டறை, பின்பக்கம் நாம். தலையணையைத் தட்டினால் மரத்தூள், சோற்றுக் குண்டானைத் திறந்தால் மரத்தூள். ஆனால் பட்டறைத் தூள் காலில் நெறுநெறுக்கும். காற்றடித்தால் அறை முழுக்கப் பரவும். இது அப்படியில்லை. தொட்டதும் விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ கோதுமை மாவைச் சிந்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுவரோரமாக வந்துகொண்டிருந்த எறும்பு வரிசை அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. ஓர் எறும்புகூட அதைத் தொடவில்லை. பெருக்கித் தள்ளினேன். மறுநாள் காலை அதே இடத்தில், அதே அளவில், மறுபடி இருந்தது.

இதை நீ படிக்கும்போது உனக்கு என் வயதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது. நீ மூன்று மாதக் குழந்தை. இன்னும் குப்புற விழவில்லை. உனக்குப் பெண் பார்த்து, பத்திரிகை அடித்து, இந்த வீட்டுக்கு இன்னொரு பெண் வரப்போகிறாள் என்று ஆன பிறகு இந்த நோட்டை உன் கையில் கொடுக்க நினைத்திருக்கிறேன். கைக்குழந்தையிடம் கல்யாணப் பேச்சா என்று சிரிக்காதே. பிற்பாடு எழுதலாம் என்று விட்டால், எனக்குச் சாதகமாக எதையாவது மாற்றி எழுதிவிடுவேன். படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்குள் ஆபத்து எவ்வளவு அழகாக வந்து உட்காரும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதுகிறேன்.

நேரில் பேசிச் சொல்ல எனக்கு வராது. நெமிலிச்சேரியில் படித்தபோது வகுப்பில் பெயர் கூப்பிட்டால் நான் சொல்லும் "உள்ளேன் டீச்சர்" எனக்கே கேட்காது. இரண்டு நாள் நான் முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க, வரவில்லை என்று குறித்துவிட்டார்கள். எழுந்து நின்று "இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தாவது பாதியில் என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. சமைக்கவும் துவைக்கவும் ஆள் வேண்டும் என்று படிப்பை நிறுத்தினேன். அம்மா போன பிறகு திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம் என்று என் அப்பா சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற ஒரே காரணத்துக்காக நான் போகவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, மகனே. என் வாய்தான் தடுத்தது. பதினெட்டு முடிந்த கையோடு நூம்பலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

உன் தாத்தா, என் மாமனார், பட்டறையில் யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அதனாலேயே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. வேலப்பன்சாவடி அடுக்குமாடிகளுக்குப் போகும் பூஜையறைக் கதவுகள்தான் இங்கே நிற்காமல் நடக்கும் வேலை. கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை உன் அப்பா மெஷினுக்குக் கொடுப்பார், மெஷின் குடைந்து தள்ளும். எல்லாக் கதவிலும் ஒரே தாமரை, ஒரே மணி. ஒருநாள் டீ கொண்டுபோனவள், அவர்கள் கை கழுவும் நேரத்தில், கிடந்த பிளைவுட் துண்டில் பென்சிலால் ஒரு கிளி போட்டேன். ஓடப் பார்ப்பதற்குள் மாமா எடுத்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார். "இன்னும் ரெண்டு போடும்மா" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு, சந்தோஷத்தில். அதுவரை நான் செய்த எதிலும் யாரும் இன்னொன்று கேட்டதில்லை.

நீ வயிற்றில் நான்கு மாதம் இருக்கும்போது தொட்டில் பேச்சு வந்தது. இந்த வீட்டுக்குத் தளம் போட்டபோது கூரையில் கொக்கி விட மறந்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கதவு செய்யும் வீட்டில் ஒரு தொட்டில் மாட்ட வழியில்லை என்று என் மாமியார் ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரை நான் அத்தை என்பேன். "மேல தொளை போட்டா தளம் ஒழுவும். கீழர்ந்து நிக்கிற மாதிரி ஒரு வளைவு பண்ணிடலாம்" என்றார் மாமா. இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குச் சட்டம், அதில் இரண்டு கொக்கி. சாமான் இல்லை அது, வீட்டுக்கு ஓர் அழகு, பேரனுக்குப் பேரன் வரைக்கும் நிற்க வேண்டும் என்றார். ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிச் சாய்த்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று மரவாடியில் ஒரு வருடமாகக் கிடந்தது. அதை அறுத்துக்கொண்டு வந்தார்.

"தூங்குமூஞ்சி மரத்துலயா தொட்டிலு?" என்று அத்தை மாமாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "நல்லதுதான். புள்ள நல்லாத் தூங்கும். ஆனா உன் புள்ள மாதிரி பத்து மணி வரைக்கும் தூங்காம இருந்தா சரி."

"என்ன ஏம்மா இய்க்கிற?" என்றார் உன் அப்பா.

பலகையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தபோது நான் முதல்முறை அந்த மரத்தின் உள்ளே பார்த்தேன். நடுவில் வெல்லப்பாகு நிறத்தில் வைரம், மரத்தின் கெட்டிப் பகுதி. இரண்டு ஓரத்திலும் பால் நிறத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை. வெளிப்பட்டையை ஒட்டியிருக்கும் இந்தப் பகுதியைத் தச்சர்கள் வெள்ளை என்றுதான் சொல்வார்கள். பூச்சி அரிக்கும் என்று அதை எப்போதும் சீவி எறிந்துவிடுவார்கள், அடுப்புக்குப் போகும். எனக்குத் தெரியும், மகனே. எத்தனை முறை அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வெந்நீர் போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பார்த்ததும் எனக்குள் படம் வந்துவிட்டது. கரும்பழுப்பு நடுப்பகுதி முழுக்க ஒரு மாங்கிளை. கீழ் ஓரத்து வெள்ளையில் இரண்டு கிளிகள், எதிரும் புதிருமாக. கிளை இருட்டில் இருக்க, கிளிகள் மட்டும் வெளிச்சத்தில் இருப்பதுபோல. தொட்டில் சங்கிலி மாட்டும் கொக்கிகளை அந்தக் கிளிகள் அலகில் கவ்விக்கொண்டிருக்க வேண்டும். வரைந்து கொடுத்தேன்.

மாமா காகிதத்தைப் பலகைமேல் வைத்துப் பார்த்தார். "கிளி வெள்ளையில வருதேம்மா. வெள்ளைய எடுத்துடணும். மேல தள்ளி வைரத்துல போட்டுக்கலாமா?"

என் முகம் வாடியிருக்க வேண்டும். அவர் இன்னும் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்றார். "நல்லாக் காயவச்சு மருந்து அடிச்சுட்டா நிக்கும். ஊட்டுக்குள்ளதான கீது, மழையா வெயிலா."

முப்பது வருடமாக ஒரு வாடிக்கையாளருக்குக்கூட வெள்ளையை விட்டுக்கொடுக்காத மனிதர், வாய் திறந்து ஒன்றும் கேட்காத மருமகளுக்காக விட்டுக்கொடுத்தார். அந்த வளைவை அவர் மெஷினில் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உளியை எடுத்துக்கொண்டு அவரே செதுக்கினார். இறகுக்கு இறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். பாலிஷ் அடித்து நிறுத்திய அன்று தெருவே வந்து பார்த்தது. கிளிகளின் கழுத்தில் அவ்வளவு பளபளப்பு. இந்தப் பக்கத்துக் கிளி உன் அப்பா, அந்தப் பக்கத்துக் கிளி நான் என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்தபோது நான் உள்ளே ஓடிவிட்டேன். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அம்மா இல்லாததால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்த அறைக்குத்தான் உன்னைக் கொண்டுவந்தார்கள். முப்பதாம் நாள் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுவது வழக்கம். அதுவரை பாய்தான். எனவே நான் உன் பக்கத்தில் படுத்து, மேலே அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாம் நாள் மாவைப் பார்த்தேன். இருபதாம் நாள் பார்த்தேன். இருபத்தோராம் நாள், மாவு விழும் இடத்தில் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வலதுபக்கக் கிளியின் வயிற்றில், பாலிஷுக்கு நடுவே, குண்டூசி முனை அளவில் ஓர் ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. எண்ண ஆரம்பித்தேன், பதினேழில் நிறுத்திவிட்டேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கிளியின் இறகு மடிப்பில் வைத்து லேசாக அழுத்தினேன். மரத்தில் ஊக்கு இறங்காது. இது வெந்த உருளைக்கிழங்கில் இறங்குவதுபோலக் கடைசி வரை போனது. வெளியே இழுத்தபோது கூடவே மாவு வந்தது. வெளியே ஒரு குறையும் இல்லை. கண், அலகு, கழுத்து எல்லாம் மாமா செதுக்கியது செதுக்கியபடி பளபளத்தது. உள்ளே எதுவோ சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அலகில் கொக்கி இருந்தது. அந்தக் கொக்கியில்தான் இன்னும் ஒன்பது நாளில் உன்னை மாட்டப்போகிறார்கள்.

இறங்கியதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். உன் அப்பா மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "ஏங்க" என்றேன். கையை ஆட்டி "ஓடிக்கினு கீது, அப்பறம்" என்றார். நான் திரும்பிவிட்டேன். சாயங்காலம் அவரே கேட்டார், "இன்னாமோ சொல்ல வந்தியே?" என்று. "ஒண்ணுமில்ல" என்றேன். அவர் கேட்டார் மகனே, நீ அதை மறந்துவிடக் கூடாது. அவர்மேல் தப்பில்லை. மறுநாள் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். தொட்டிலுக்குக் கீழே தூள் கொட்டுகிறது என்ற அளவுக்குத்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"பட்டற ஊட்ல தூளு கொட்டாம மல்லிப்பூவா கொட்டும்?" என்றார் அத்தை. அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "பச்ச ஒடம்புக்காரி, எதையாவது நெனச்சு மனச ஒழப்பிக்காத. தலமாட்டுல ரெண்டு வேப்பில வச்சுக்க. எல்லாம் சரியாப் பூடும்."

இருபத்தைந்தாம் நாள் மாமாவிடமே சொல்லிவிடுவது என்று டீ டம்ளரோடு போனேன். பூஜைக்கதவு பார்க்க அடுக்குமாடிக்காரர் ஒருவர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாமா அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து வளைவைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஏ அப்பா! என்ன வேல அண்ணாச்சி இது! டிசைன் எங்கெ பிடிச்சிய?" என்று அவர் போனில் படம் எடுத்தார்.

"எங்கயும் புடிக்கல சார். எங்க மருமவ போட்டது. இவங்கதான்" என்றார் மாமா. கையை உயர்த்தி, ஊக்கு இறங்கிய அதே இறகை மெதுவாகத் தடவிக்கொடுத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமான இடம் இதுதான். அந்தப் பதினோரு நாளும் நான் பயத்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அது முழு உண்மை இல்லை. சொன்னால் வளைவைக் கழற்றுவார்கள். கழற்றினால் அந்தக் கிளிகள் போய்விடும். என் வாழ்க்கையில் யாரோ ஒருவர் கையை நீட்டி "இவங்கதான்" என்று சொன்னது போய்விடும். உனக்கு என்ன ஆகும் என்ற பயத்தைவிட அந்த வருத்தம் பெரிதாக இருந்த ஒரு சாயங்காலம் உண்டு. ஒரே ஒரு சாயங்காலம். நீ பக்கத்தில் கை கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தாய். நான் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றத்தை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். நீ செய்த ஒரு நல்ல வேலையை ஊர் மெச்சும் நாள் உனக்கும் வரும். அன்று அந்த வேலைக்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை குனிந்து பார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு வரும் பெண் சத்தமாகப் பேசுகிறவளாக இருந்தால் கவலையில்லை; அவளே பார்த்துக்கொள்வாள். என்னைப்போல ஒருத்தி வந்து, வாசலில் நின்று, "ஏங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினால், நீ மெஷினை நிறுத்து. கையில் இருக்கும் வேலை கெட்டாலும் பரவாயில்லை, நிறுத்திவிட்டு அவள் பின்னால் போ. "ஒண்ணுமில்ல" என்று சொல்வாள். இரண்டாவது முறை கேள். அப்போதும் அதையேதான் சொல்வாள். மூன்றாவது முறையும் கேள்.

தொட்டிலில் உன்னைப் போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் நான் குளிக்கப் போக வேண்டும், துணி காயப்போட மாடிக்குப் போக வேண்டும். நீ அழுதால் அத்தை ஆசையாகத் தூக்கித் தொட்டிலில் விடுவார். அது முதல் நாளே அறுந்து விழாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பத்து நாள் நிற்கும், ஒரு மாதம்கூட நிற்கும். உன் எடை கூடக் கூட, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொக்கி கொஞ்சம் கொஞ்சமாக அந்த மாவுக்குள் தளர்ந்துகொண்டே வரும். யாரும் பார்க்காத ஒரு மத்தியானம் அது விழும்.

முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே அத்தை எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாளே மரத்தொட்டிலைச் சங்கிலியில் மாட்டியிருந்தார்கள். கிளிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அலகில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். அறை கொள்ளாமல் பெண்கள். நெமிலிச்சேரியிலிருந்து என் அப்பா வந்து வாசலோரம் நின்றிருந்தார். குழந்தையைப் போடுவதற்கு முன் தொட்டிலில் அம்மிக் குழவியைப் போட்டு மூன்று முறை ஆட்டி எடுப்பது நம் வீட்டு வழக்கம். குழந்தை கல்லுபோலத் திடமாக இருக்க வேண்டும் என்று. அத்தை குழவிக்கு மஞ்சள் பூசி, புதுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மிக்ஸி வந்த பிறகு சாமிக்கு மட்டும் என்று வைத்திருக்கும் சின்னக் குழவி. நான் அதைப் பார்த்தேன். உன்னைவிட எடை குறைவாக இருக்கும். அதைக் கிளிகள் தாங்கிவிடும். தாங்கியதும் எல்லோரும் கைதட்டி உன்னை வாங்கிப் போட்டுவிடுவார்கள்.

உன்னை இடது தோளில் சாய்த்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கொல்லைக் கதவுக்கு அண்டை கொடுத்து ஆட்டுக்கல் குழவி நிறுத்தியிருந்தது. உன்னைப் பின்னாலேயே வந்த எதிர்வீட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அதைத் தூக்கினேன். அடிவயிற்றில் சுரீரென்று இழுத்தது. நடந்து வந்து, அத்தை நீட்டிய கைக்குக் குறுக்கே போய், அதைத் தொட்டிலில் வைத்தேன்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அறையே சிரித்தது.

"இன்னாடி இது, ஒனக்குக் குண்டோதரனா பொறந்துகிறான்?"

"அவளுக்கு அம்மிக் குழவிக்கும் ஆட்டுக்கல் குழவிக்கும் வித்தியாசம் தெரியல, பாவம். கிரைண்டர் காலத்துப் பொண்ணு."

"பச்ச ஒடம்ப வச்சிக்கினு அத்த ஏன் தூக்குன? அறிவு கீதா?" என்று அத்தை அதட்டினார்.

நான் தொட்டிலைத் தள்ளினேன். சங்கிலி கிறீச்சிட்டது. ஒன்று. தாங்கியது. இரண்டு. தாங்கியது. மூன்று. யாரோ கைதட்டினார்கள். நான் நினைத்தது தப்போ, பதினோரு நாளும் வீண் பயமோ என்று ஒரு கணம் மனம் தளர்ந்தது. நான்காவது முறை இன்னும் வேகமாகத் தள்ளினேன். "மெதுவாம்மா" என்றார் மாமா. ஐந்தாவது முறை என் முழுப் பலத்தையும் கொடுத்தேன்.

முறியும் சத்தம்கூட வரவில்லை. வலதுபக்கக் கொக்கி கிளியின் அலகிலிருந்து, சோற்றிலிருந்து கரண்டியை எடுப்பதுபோல, மெதுவாக வெளியே வந்தது. தொட்டில் ஒருபக்கம் சரிந்தது. குழவி உருண்டு தரையில் விழுந்து, சிமென்ட்டைப் பெயர்த்துக்கொண்டு சுவரில் போய் மோதி நின்றது. கிளியின் வாயிலிருந்து மாவு நூல்போல இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சகுனம் சரியில்லை என்றது ஒரு குரல். "வாய மூடு! ஒரு சகுனமும் கெடையாது. கல்லு கனம் தாங்கல, அவ்ளோதான்" என்றார் அத்தை. "குமரேசா, கொக்கிய மாத்துடா. பத்தர ஆவப்போது, சீக்கிரம்."

"இதவிடப் பெரிய கொக்கி கீதும்மா, ஒரு நிமிசம்" என்று உன் அப்பா பட்டறைக்கு ஓடினார்.

மாமா கிளிக்குக் கீழே போய் நின்றார். கொக்கி இருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார். முதல் கணு வரை போனது, இரண்டாவது கணு வரை போனது. விரலை எடுத்துப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்பே தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. உளுத்துவிட்டது என்ற ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் நடுவில், மருமகள் போட்ட டிசைன் என்று ஊருக்கே காட்டிய கையால், அதைத் தப்பென்று காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

உன் அப்பா புதுக் கொக்கியோடு வந்துவிட்டார். "தள்ளுங்க தள்ளுங்க. இதப் போட்டா யானையே தொங்கும்." ஸ்டூலை இழுத்துப் போட்டார். எதிர்வீட்டு அக்கா தோளில் நீ அழ ஆரம்பித்தாய். "புள்ளைக்குத் தூக்கம் வந்துடுச்சு, சீக்கிரம் ஆவட்டும்" என்று யாரோ சொன்னார்கள்.

நான் உன்னை வாங்கினேன். உன் அப்பாவின் கையிலிருந்த கொக்கியை எடுத்துக்கொண்டு, அந்தக் கையில் உன்னைக் கொடுத்தேன். பட்டறைக்குள் போய் மாமாவின் அகல உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. ஸ்டூலை இடதுபக்கம் நகர்த்தி ஏறினேன். இன்னும் கொக்கியைக் கவ்விக்கொண்டிருந்த, நான் வரைந்த இரண்டாவது கிளியின் கழுத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தேன்.